கிண்ணத்தில் தங்கிய நாடு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பது ஓர் உணவகம். கவிதை பற்றிய பேச்சை எதிர்பார்த்து வந்திருப்போருக்கு இது சற்று ஏமாற்றம் தரலாம். ஆயினும் மரபு என்றால் என்ன, தூய வடிவம் என ஒன்று உண்டா, மண்ணை விட்டுப் பெயர்ந்தவனுடைய மொழி என்னவாகிறது என்று இவ்வட்டம் பத்தாண்டுகளாக விவாதித்து வருகிறது. அக்கேள்விகள் அனைத்தும் ஒரு கிண்ணம் சூப்பிலும் எழுகின்றன என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

1

பாரிஸ் மாநகரின் தென்கிழக்கு மூலையில் 13ஆம் வட்டாரம் அமைந்துள்ளது. சுற்றுலா அட்டைகளில் காணும் பாரிஸ் அங்கே இல்லை. முப்பது மாடிகளைத் தாண்டி எழும் குடியிருப்புக் கோபுரங்களும், அவற்றின் அடிவாரத்தில் கீரைக் கடைகளும் அரிசி மூட்டைகளும் உணவகங்களும் நிறைந்த பகுதி அது. அவெனியூ த ஷுவாசி, அவெனியூ திவ்ரி ஆகிய இரு சாலைகளிலும் வியட்நாமிய உணவகங்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆடம்பரம் ஏதுமற்றவை. நெருக்கமாகப் போடப்பட்ட மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு குவளை நிறைய உணவுக்குச்சிகள், பீங்கான் கரண்டிகள், மிளகாய்க் குழம்புப் புட்டி, மீன் சாற்றுப் புட்டி. குளிர்காலத்தில் வாசல் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருக்கும். ஞாயிறு நண்பகலில் வரிசை தெருவரை நீளும். தனியாக வருபவரை அறிமுகமற்றவரின் எதிரில் அமர்த்துவார்கள். அதை எவரும் குறையாகக் கருதுவதில்லை.

அமர்ந்தவர் கேட்பது பெரும்பாலும் ஃபோ. முதலில் ஒரு தட்டில் பச்சை இலைகள் வரும். முளைகட்டிய பயறு, தமிழர் திருநீற்றுப்பச்சிலை என்று அறிந்த செடியின் சோம்பு மணமுள்ள வகை, ஓரம் அரம்போன்ற நீண்ட இலையும் கொத்தமல்லி மணமும் உடைய ஒரு கீரை, எலுமிச்சைத் துண்டு, சிறுமிளகாய். பிறகு கிண்ணம் வரும். வெந்நீரில் ஒருமுறை முக்கி எடுத்த பட்டையான அரிசி நாடாக்கள், அவற்றின் மேல் தாள்போல் சீவிய பச்சை மாட்டிறைச்சி, அதன்மேல் கொதிக்கும் சாறு. இறைச்சி அடுப்பில் வேகாமல், உண்பவரின் கண்ணெதிரே கிண்ணத்திலேயே சிவப்பு மாறி வேகிறது. அதற்குள் அவர் இலைகளைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, குனிந்து உண்ணத் தொடங்க வேண்டும். தாமதித்தால் நாடாக்கள் ஊறிக் குழைந்துவிடும். ஆகவே அங்கே பேச்சு குறைவு. அரைமணி நேரத்தில் எழுந்து சென்றுவிடுகிறார்கள்.

அரைமணியில் தீர்ந்துபோகும் அச்சாற்றின் வேலையோ முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. மாட்டெலும்புகளை ஒருமுறை கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் மீண்டும் ஏற்றுவார்கள். வெங்காயத்தையும் இஞ்சியையும் நெருப்பில் சுட்டுக் கரியைச் சுரண்டிப் போடுவார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய கருப்பு ஏலக்காய் ஆகியவற்றை வறுத்துத் துணியில் முடிந்து இறக்குவார்கள். பல மணி நேரம் சிறுதீயில் வைத்து நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீ மிகுந்து தளதளவெனக் கொதித்தால் சாறு கலங்கிவிடும். நல்ல ஃபோவின் அடையாளம் தெளிவு. அத்தனை பொருள்கள் அதில் இறங்கியிருந்தும் கிண்ணத்தின் அடி தெரிய வேண்டும். கவிஞர்கள் நிறைந்த அவையில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

2

வியட்நாமின் தேசிய உணவு என்று ஃபோ இன்று அறியப்படுகிறது. பலர் அதனைத் தொன்மையானது என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அதன் வயது நூற்றுச் சொச்சம் ஆண்டுகளே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், ஹனோய், நாம் தின் ஆகிய வடபகுதி ஊர்களில் அது உருவாயிற்று. உழவுக்கு வேண்டிய மாட்டை அடித்து உண்ணும் வழக்கம் அங்கே அதற்குமுன் மிகுதியாக இல்லை. மாட்டிறைச்சியைக் கேட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் கழித்த எலும்புகள் தெருவோர வணிகர்களின் பானைக்கு வந்தன. நாடாக்களும் மணப்பொருள்களும் சீனச் சமையலோடு உறவுடையவை. அரிசியும் மீன் சாறும் அம்மண்ணுக்கே உரியவை. தோளில் காவடிபோல் ஒருபுறம் அடுப்பும் பானையும், மறுபுறம் கிண்ணங்களும் தொங்கத் தெருத்தெருவாகக் கூவி விற்றனர்.

பெயரின் பிறப்பு குறித்தும் இருவேறு கருத்துகள் உண்டு. 1931இல் ஹனோயில் வெளிவந்த வியட்நாமிய அகராதி, அரிசி நாடாவைக் குறிக்கும் சீனவழிச் சொல்லிலிருந்து ஃபோ வந்தது என்று குறிக்கிறது. நெருப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை உள்ளடக்கிய ஓர் இறைச்சிச் சூப்பின் பெயரிலிருந்து வந்தது என்போரும் உளர். எப்படியாயினும், ஒரு நாட்டின் ஆன்மா எனப் போற்றப்படும் உணவு அடிமைப்பட்ட காலத்தில், அயலார் கழித்த எலும்பில், அயற்பொருள் கலந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. மரபு பழமையால் மட்டுமே மரபாவதில்லை. ஒரு மக்கள்கூட்டம் தன்னுடையது என்று எதனை விடாமல் பற்றிக்கொள்கிறதோ அதுவும் மரபாகிறது.

பிறந்த சில பத்தாண்டுகளுக்குள்ளேயே தூய்மை பற்றிய வழக்கும் எழுந்துவிட்டது. 1930களின் இறுதியில் ஹனோயில் வாரத்தின் சில நாள்களில் மாட்டிறைச்சி விற்பனை இல்லாது போயிற்று. அந்நாள்களில் கடைக்காரர்கள் கோழியை இட்டு ஃபோ சமைத்தனர். இது ஃபோவே அன்று என ஒரு சாரார் கொதித்தெழுந்தனர். இன்று கோழி ஃபோ பரவலாக உண்ணப்படுகிறது. வெண்பா, ஆசிரியம் என்றும் புதுக்கவிதை என்றும் இங்கே நடந்த வழக்குகளை நினைவிற் கொண்டோர்க்கு இக்கதை புதிதாய்த் தோன்றாது.

3

ஃபோவைப் பாடியவர்களும் எழுதியவர்களும் பலர். 1930களில் தூ மோ என்னும் அங்கதக் கவிஞர் அதற்கொரு புகழ்ப்பாடல் இயற்றினார். தாக் லாம் எழுதிய ஹனோயின் முப்பத்தாறு தெருக்கள் பற்றிய நூல் அவருடைய மறைவுக்குப் பின் 1943இல் வெளிவந்தது. தெருவுணவுகளைப் பற்றிய பக்கங்களால் அது இன்றும் வாசிக்கப்படுகிறது. எனினும் இந்த அவையின் சிந்தனைக்கு உரியவர்கள் வேறு இருவர்.

1954இல் ஜெனீவா உடன்படிக்கை வியட்நாமைப் 17ஆம் அகலக்கோட்டில் இரண்டாகப் பிரித்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே சென்றனர். ஃபோவும் அவர்களோடு பெருமளவில் சைகோன் சென்றது. அங்கே வெயிலும் விளைச்சலும் மிகுதி. வடக்கில் சில வெங்காயத்தாள்களோடு அடக்கமாக இருந்த கிண்ணம், தெற்கில் இலைத்தட்டும் பயறும் இனிப்புச் சாந்தும் சேர்த்துக்கொண்டது. பாரிஸில் மேசைக்கு வரும் அந்தப் பச்சைத் தட்டு, 1954இன் பிரிவினைக்குப் பிறகு பரவலான தெற்கத்திய வழக்கம். அதனை அறியாதவருக்கு அது வெறும் அலங்காரம்.

கோட்டின் வடபுறம் தங்கியவர் நுயென் துவான். வியட்நாமிய உரைநடையின் பெருங்கலைஞர். 1957இல் ஃபோ என்ற தலைப்பிலேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மாட்டிறைச்சி ஃபோவின் பக்கம் உறுதியாக நின்றார். நாடு போரிலிருந்து மீண்டு சமதர்மத்தைக் கட்டிக்கொண்டிருக்கையில் ஒரு கிண்ணம் சூப்பின் சுவையில் தோய்வதா என்று அக்கட்டுரை கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் தனியார் கடைகள் குறைந்து அரசுக் கடைகள் பெருகின. தட்டுப்பாட்டுக் காலத்தில் அங்கே இறைச்சியே இல்லாத ஃபோ கிடைத்தது. அதற்கு மக்கள் வைத்த பெயர் ‘விமானி இல்லாத ஃபோ’. தலைக்குமேல் பறந்த ஆளில்லா அமெரிக்க உளவு விமானங்களைக் கொண்டு எழுந்த பெயர் அது. கட்டுரையைக் கண்டித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறந்துபோயின. பசித்த தெருவின் அந்த நகைச்சுவை நிலைத்துவிட்டது.

கோட்டைக் கடந்து தெற்கே சென்றவர் வூ பாங். 1913இல் ஹனோயில் பிறந்த பத்திரிகையாளர். 1954இல் மனைவியையும் மகனையும் ஹனோயில் விட்டுவிட்டுச் சைகோன் சேர்ந்தார். 1960இல் ஹனோயின் சுவையான உணவுகளைப் பற்றிய அவரது நூல் அங்கே வெளிவந்தது. அதே ஆண்டு மற்றொரு நூலையும் தொடங்கினார். சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டு மாதங்களுக்கும் மாதமொன்றாக அத்தியாயம் வகுத்து, வடக்கின் பருவங்களையும் பண்டிகைகளையும் பண்டங்களையும் நினைந்து எழுதிய நூல். அதை முடிக்கப் பதினொரு ஆண்டுகள் ஆயின. இடையில் 1967இல் அவர் மனைவி ஹனோயில் காலமானார். 1972இல் நூல் வெளிவந்தபோது அது அவருக்கே காணிக்கையாக்கப்பட்டிருந்தது. வூ பாங் 1984இல் சைகோனிலேயே இறந்தார். நாட்டின் விடுதலைப் போரைக் கைவிட்டு எதிரிப் பக்கம் ஓடியவர் என்ற பழி இறுதிவரை அவர்மேல் இருந்தது.

2000ஆம் ஆண்டில் வியட்நாமின் இராணுவத் துறை ஓர் உண்மையை உறுதிசெய்தது. வூ பாங் தெற்கே சென்றது தப்பி ஓடுவதற்காக அன்று. வடக்கின் உளவுப் பணிக்காகவே அவர் அனுப்பப்பட்டிருந்தார். முப்பது ஆண்டுகள் அதை எவரிடமும் சொல்ல இயலாத நிலை. தொழிலைச் சொல்ல இயலாது, சார்பைச் சொல்ல இயலாது, பிரிவின் காரணத்தை வாசகரிடம் சொல்ல இயலாது. சொல்லத்தக்கதாக அவரிடம் எஞ்சியிருந்தது மாதந்தோறும் ஹனோயில் என்ன உண்பார்கள் என்பது ஒன்றுதான். அதனைப் பன்னிரண்டு அத்தியாயங்களில் எழுதினார். வேடத்தில் வாழ்ந்த மனிதரின் பக்கங்களில் அந்த ஏக்கம் மட்டும் வேடமற்றது என்பதை வாசகர்கள் உணர்ந்திருந்தார்கள். உண்மை வெளியாகும் முன்னரே அந்நூல் நேசிக்கப்பட்டது. அகப்பாடல் மரபறிந்த தமிழ் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். தலைவியின் பெயரைச் சுட்டாத மரபில், பூவும் பொழுதும் மட்டுமே சொல்லப்பட்டு அனைத்தும் சொல்லப்பட்டுவிடுகின்றன.

4

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு இலட்சம் வியட்நாமியர் படகுகளில் பிறநாட்டுக் கரைகளை அடைந்தனர். கடலில் மாண்டோரின் எண்ணிக்கையை எவரும் உறுதியாகக் கூறியதில்லை. 1979 ஜூனில், பல்லாண்டுகள் அரசியலால் பிரிந்திருந்த சார்த்தரும் ரேமோன் ஆரோனும் படகு மக்களுக்காகப் பாரிஸில் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர். இருபெரும் அறிவாளிகளை ஒரு மேசைக்குக் கொண்டுவந்தது அந்தக் கடல்.

13ஆம் வட்டாரத்தின் கோபுரங்கள் நடுத்தர வருவாயினரான பாரிஸ்காரர்களுக்காகக் கட்டப்பட்டவை. அவர்கள் அவற்றை விரும்பவில்லை. காலியாகக் கிடந்த வீடுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் அகதிகள் குடியேறினர். அவர்களுள் பலர் தெயோச்சியூ மொழி பேசும் சீன மரபினர். எனவே ஷுவாசி சாலையில் ஹனோயின் சூப்பைச் சமைப்பவர் புனோம் பென்னில் பிறந்தவராக இருக்கக்கூடும். வீட்டில் வேறு மொழி பேசுபவராக இருக்கக்கூடும். ஹனோயைப் பார்த்தே இராதவராகவும் இருக்கக்கூடும். அதனால் அவர் கிண்ணம் பொய்யாகிவிடுமா? அப்படியானால் மதுரையைக் காணாத ஒருவர் வையை பற்றி எழுதுவதும் பொய்யாக வேண்டும்.

இதற்கு அண்மையானதொரு சான்று திரைப்படத்தில் உண்டு. சிறுவயதில் வியட்நாமிலிருந்து பிரான்ஸ் வந்து வளர்ந்த த்ரான் ஆன் ஹுங் இயக்கிய ‘பச்சைப் பப்பாளியின் மணம்’ 1993இல் கான் விழாவில் முதற்படத்துக்கான விருதினைப் பெற்றது. 1951ஆம் ஆண்டின் சைகோன் இல்லம் ஒன்றில் வேலைக்கு வரும் சிறுமியின் கதை அது. அவ்வீடும் முற்றமும் தெருவும் முழுக்கப் பாரிஸுக்கு அருகே ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் அமைக்கப்பட்டவை. நாட்டை மீட்டெடுக்க அவர் முதலில் கட்டியது ஒரு சமையலறையை.

5

இனி மொழிக்கு வருவோம். வியட்நாமிய மொழி உரோமன் எழுத்துகளில் எழுதப்படுகிறது. எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் குறிகளே உயிரொலியையும் தொனியையும் காட்டுகின்றன. ஒரு குறி மாறினால் சொல் மாறும். ஃபோ என்று எழுதப்படும் எழுத்துகளுக்கு ஒருவகைக் குறிகளை இட்டால் சூப்பு. வேறு குறிகளை இட்டால் தெரு. பாரிஸின் பெயர்ப்பலகைகள் பலவற்றில் அக்குறிகள் உதிர்ந்துபோயின. குறில் நெடில் வேறுபாட்டை நீக்கி எழுதப்பட்ட தமிழை எண்ணிப் பார்க்கலாம். கல்லும் காலும் ஒன்றாகிவிடும். கடைக்கு வருகிறவருக்கு அது சிக்கலில்லை. அவர் எதைக் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவ்வெழுத்தை மட்டும் பார்த்து வளரும் குழந்தைக்குத் தெருவும் சூப்பும் பிரித்தறிய இயலாதனவாகின்றன.

அதே கடைகளில் பிரெஞ்சுக்காரர் மிகுதியாக விரும்பிக் கேட்கும் இன்னோர் உணவு ‘போ புன்’. இடியாப்பம் போன்ற அரிசி நூலின்மேல் வதக்கிய மாட்டிறைச்சி வைத்துத் தருவது. வியட்நாமியர் அதைப் ‘புன் போ’ என்பர். நூல் முதலில், இறைச்சி பின்னர். பெயர் முன்னும் அடை பின்னும் வருவது அம்மொழியின் இயல்பு. பிரெஞ்சு மொழியின் இயல்பும் பெரும்பாலும் அதுவே. இருந்தும் பிரான்சில் சொல் தலைகீழாயிற்று. அடை முன்வரும் அந்த வரிசை இவ்விரு மொழிகளுக்கும் உரியதன்று, தமிழுக்கு உரியது என்பது ஒரு வேடிக்கை. புலம்பெயர்ந்த சொற்கள் சிலவேளை எவருக்கும் சொந்தமற்ற இலக்கணத்தில் வாழ்கின்றன.

எல்லாவற்றிலும் முதன்மையானது விளிச்சொல். வியட்நாமிய மொழியில் அன்றாடப் பேச்சுக்குரிய பொதுவான ‘நீ’ இல்லை. பொதுவான ‘நானும்’ அரிது. அண்ணன், அக்கா, தம்பி, அத்தை, சித்தப்பா, பெரியப்பா, பிள்ளை என்னும் உறவுப்பெயர்களே முன்னிலையாகவும் தன்மையாகவும் நிற்கின்றன. அண்ணன் என்று ஒருவரை அழைத்தவர் அந்த வாக்கியத்திலேயே தம்பி ஆகிவிடுகிறார். ஆகவே ஒரு கிண்ணம் ஃபோ கேட்பதற்கு முன் எதிரே நிற்பவர் தனக்கு யார் என்பதை முடிவு செய்தாக வேண்டும். பரிமாறும் இளைஞனை முதியவள் ஒருத்தி ‘கோன்’, அதாவது பிள்ளை, என்று அழைக்கிறாள். அவன் அவளிடம் தன்னையும் அச்சொல்லாலேயே குறிக்கிறான். முன்பின் அறியாத இருவருக்கிடையே ஓர் உறவு நிறுவப்பட்டு, பணம் கொடுத்து எழும்வரை நீடிக்கிறது.

பிரான்சில் பிறந்த தலைமுறை தடுமாறும் இடமும் இதுவே. அவர்களில் பலர் உணவின் பெயர்களைப் பிழையின்றிச் சொல்கிறார்கள். அன்னாசிப்பூவின் மணத்தை இருட்டிலும் அறிவார்கள். ஆனால் எதிரிலிருப்பவரைச் சித்தப்பா என்பதா அண்ணன் என்பதா என்று தெளியாமல் பிரெஞ்சில் ‘வூ’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். மரியாதை குறைவதில்லை, உறவு மட்டும் நழுவிவிடுகிறது. நாவின் சுவை பல தலைமுறை தாங்கும். நாவின் சொல் அவ்வளவு தாங்குவதில்லை. உணவகத்தைக் காட்டி ‘எங்கள் பண்பாடு வாழ்கிறது’ என மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரின் கடைகள் நிறைந்த பாரிஸின் லா ஷாப்பல் பகுதிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அங்கே கொத்துரொட்டியின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அண்ணை, அக்கா என்னும் விளி எவ்வளவு காலம் கேட்கும் என்பதே கேள்வி.

6

அக்கடைகளின் உணவுப் பட்டியலில் தமிழர் ஒருவர் சற்று நின்று வாசிக்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு. ‘கா ரி’. தேங்காய்ப்பாலும் எலுமிச்சம்புல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்த கோழிக் குழம்பு. பிரெஞ்சு ரொட்டியைத் தோய்த்து உண்பார்கள். கறி என்னும் தமிழ்ச்சொல்லின் வழித்தோன்றல் அது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் சைகோனில் அரசுப் பணியாளர்களாயினர். நகரத்தார் வட்டிக்கடை வைத்தனர். அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும் மாரியம்மன் கோயிலும் இன்றும் அந்நகரில் உள்ளன. மாரியம்மனை வணங்க வருவோரில் பெரும்பாலோர் இப்போது வியட்நாமியர். தமிழர் பெரும்பாலும் அகன்றுவிட்டனர். சொல் அங்கே தங்கிவிட்டது. பின் அச்சொல் படகேறிப் பாரிஸ் வந்து, வியட்நாமிய ஒலியில், பிரெஞ்சு ரொட்டியோடு ஒரு மேசையில் அமர்ந்திருக்கிறது. அது தன்னுடைய சொல் என்று தமிழர் உரிமை கொண்டாடத் தேவையில்லை. அதனைக் காத்துவைத்தவர்களும் அதற்கு உரியவர்களே.

7

அன்பர்களே, உரை முடியும் இடத்துக்கு வந்துவிட்டது.

ஒரு தெருமுனை உணவகம் பெரிய நிறுவனமன்று. அதற்கு ஆவணக்காப்பகம் இல்லை, மானியம் இல்லை. அது நிலைப்பது இரண்டே காரணங்களால். உள்ளே ஒருவர் முந்தைய இரவே அடுப்பை மூட்டி நுரையை எடுத்துக்கொண்டிருக்கிறார். வெளியே சிலர் குளிரிலும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். இவ்விரண்டில் ஒன்று நின்றாலும் கதவு மூடப்படும். பத்தாண்டுகள் மாதந்தோறும் கூடிய ஓர் இலக்கிய வட்டத்தின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. எழுதுவோரும் வருவோரும் இருக்கும்வரை அது இருக்கும்.

மேலும் ஒன்று. ஃபோவை ஹனோயில் அரசியல் கண்டித்தது, சைகோனில் பிரிவினை மாற்றியது, பாரிஸில் பெயர்ப்பலகை குறிகளை உதிர்த்தது. ஆயினும் சாறு தெளிவாக இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை நல்ல சமையற்காரர்கள் எங்கேயும் விடவில்லை. எதனை மாற்ற இசையலாம், எதனை மாற்ற இசையலாகாது என்பதை அவர்கள் கோட்பாடாகப் படிக்கவில்லை. அன்றாடம் சமைத்தே கண்டுகொண்டார்கள். தமிழ்க் கவிதையில் மாற்ற இசையலாகாதது எது என்ற கேள்வியை இந்த அவையின் கவிஞர்கள் தத்தம் மேசையில் அமர்ந்து, எழுதியே விடைகாண வேண்டும்.